பர்மா பார்க்காத பர்மாக்காரர்

அவர் பர்மாவுக்குப் போனதே இல்லை என்பது எங்கள் நால்வருக்கும் தெரியும். அந்த நால்வரில் அவரும் ஒருவர். ஆனாலும் நோர்வூட் கடைவீதியிலும் எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களிலும் அவருக்குப் பர்மாக்காரர் என்றுதான் பெயர். அவருடைய சொந்தப் பெயரைச் சம்பளப் பதிவில் நானே மாதந்தோறும் எழுதி வந்திருக்கிறேன். இங்கே அதை எழுதுவதாக இல்லை. அந்தப் பெயரால் அவருக்கு நன்மை எதுவும் நடந்ததாக நான் அறியேன்.

நாடு சுதந்திரம் பெற்ற வருடம் நான் அந்தத் தோட்டத்துக்கு ஸ்டோர் கிளாக்கராக வந்தேன். தேயிலைத் தொழிற்சாலையை மலைநாட்டில் ஸ்டோர் என்பார்கள். அதற்கு முன், யுத்த காலத்தில், திருகோணமலையில் கடற்படைச் சாமான் கிடங்கில் எழுத்தனாக இருந்தேன். அவர் ஸ்டோர் வாசலில் காவல். நெட்டையான மனிதர். காக்கிக் கோட்டின் கழுத்துப் பொத்தானை வெயில் நாளிலும் கழற்றமாட்டார். நான் வேலைக்கு வந்த முதல் நாளே என் நடையைப் பார்த்துவிட்டு, "ஐயா பட்டாளத்துல இருந்தீங்களா?" என்று கேட்டார். கடற்படை என்றேன். குதிகால்களைச் சேர்த்து ஒரு சல்யூட் அடித்தார்.

"அப்ப ஞாயித்துக்கெழம சலூனுக்கு வாங்க. நம்ம ஆளுங்க இருக்காங்க."

அந்தச் சலூன் மருதமுத்துவினுடையது. கடைவீதியின் கீழ்க்கோடியில், ஆற்றின் இரைச்சல் கேட்கும் இடத்தில் ஒற்றை அறை. ஒரு சுழல் நாற்காலி, உட்கார ஒரு நீள வாங்கு, புகை படிந்த கண்ணாடி. மருதமுத்து யுத்த காலம் முழுவதும் தியத்தலாவை இராணுவ முகாமில் முடிவெட்டியவர். நான்காமவர் பியதாச, சிங்களவர். விமானப்படைத் தளத்தில் விமானங்களுக்குப் பெற்றோல் ஊற்றியவர். இப்போது பொகவந்தலாவை பஸ் ஓட்டுகிறார். ஆக நிலம், நீர், ஆகாயம் மூன்றும் அந்த வாங்கில் இருந்தன. எதிரியைக் கண்ணால் கண்டவர் எவருமில்லை.

சலூனுக்கென்று சில வழக்கங்கள் உண்டு. வாசலைத் தாண்டினால் கிளாக்கரும் இல்லை, காவல்காரரும் இல்லை, டிரைவரும் இல்லை. வார நாளில் என்னைக் "கிளாக்கரய்யா" என்று நின்றுகொண்டே கூப்பிடும் பர்மாக்காரர், ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்தில் உட்கார்ந்து, "நேவி, கொஞ்சம் நகருங்க" என்பார். பியதாசவுக்கு ஏர்போஸ் என்று பெயர். நாற்காலியில் உட்காரும் வரிசையும் படைகளின் மூப்புப்படிதான். முதலில் கடற்படை, பிறகு தரைப்படை, கடைசியில் விமானப்படை. இந்த ஒழுங்கைக் கொண்டுவந்தவர் பர்மாக்காரர். தரைப்படைக்காரராக இருந்தும் கடற்படைக்கு முதலிடம் விட்டுக்கொடுத்ததில் அவருக்கு ஒரு பெருமை.

"ஐயோ மச்சான், நம்ம வார நேரம் கத்தி மொட்டை ஆகிறது," என்று பியதாச ஒவ்வொரு முறையும் முறையிடுவார்.

"ஆகாசத்துல பறக்குற ஆளுக்கு எதுக்குக் கத்தி? காத்துலயே செரைச்சிக்கிடலாமே," என்பார் பர்மாக்காரர்.

"நான் எங்க பறந்தது? பெற்றோல் ஊத்தினது. பிளேன் பறந்தது."

"அதான் சொல்றேன். பிளேனு போச்சு, ஒங்களை விட்டுட்டுப் போச்சு."

என்னையும் விடமாட்டார்கள். மழைக்காலத்தில் சலூன் வாசலில் தண்ணீர் தேங்கினால், "நேவி, எறங்கிப் பாருங்க, கப்பல் போற ஆழமா?" என்பார் மருதமுத்து. மருதமுத்துவைப் பதிலுக்குச் சீண்டுவது எளிது. ஜப்பான்காரன் வந்திருந்தால் சீப்பைக் காட்டியா தடுத்திருப்பீர்கள் என்று கேட்டால் போதும். "வந்து குனிஞ்சிருந்தா காதை நறுக்கியிருப்பேங்க" என்பார்.

படையைக் கேலி செய்யலாம், மூப்பைக் கேலி செய்யலாம். ஒருவர் சொல்லும் கதையை மட்டும் இன்னொருவர் கேள்வி கேட்கக் கூடாது. இது மருதமுத்துவின் சட்டம். ஒருமுறை லொறியில் வந்த வெளியூர்க்காரர் ஒருவர் முகச்சவரத்துக்கு உட்கார்ந்திருந்தார். பர்மாக்காரர் வாங்கில் இருந்தபடி கோவேறு கழுதை ஆற்றில் விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "எந்த ரெஜிமென்டுங்க நீங்க? எந்த ஆறு அது?" என்று அந்த மனிதர் கேட்டார். மருதமுத்து கத்தியை மடித்துவிட்டார்.

"இந்தக் கடையில முடியைத்தான் வெட்டுவோம். கதையை வெட்டுற ஆளுங்க பாதி மொகத்தோட போகலாம்."

வலது கன்னத்தில் சோப்பு நுரையோடு அந்த மனிதர் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு தலையைச் சாய்த்து அந்தக் கன்னத்தைக் காட்டினார்.

பர்மாக்காரரின் கதைகளைப் பற்றி இங்கே ஒழுங்காகச் சொல்லவேண்டும். நான் தேதியையும் இடத்தையும் பொருத்திப் பார்க்கும் பழக்கமுள்ளவன். அவருடைய கதைகள் ஒன்றோடொன்று பொருந்தியதில்லை. ஒரு கதையில் அவருக்கு இடது தோளில் குண்டு. இன்னொன்றில் வலது கண்ணில் கட்டு. நாற்காலியில் சட்டையைத் தளர்த்தி உட்காரும்போது பார்த்திருக்கிறேன், தோளில் தழும்பு எதுவுமில்லை. ஒருமுறை பேச்சோடு பேச்சாக, "எங்கூருல ஆட்டுக்கு ரோமம் கத்தரிக்கிற மாசம் அது" என்றார். ரோமத்துக்கு ஆடு வளர்ப்பவர் எங்கள் பக்கத்து மலைகளில் எவருமில்லை. பியதாச என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

ஆனால் அவை வீரக் கதைகள் அல்ல. யாரையும் அவர் கொன்றதாகச் சொன்னதில்லை. மழை, சேறு, அட்டை, மக்கிப்போன பூட்ஸ், மூங்கில் பாலம். காய்ச்சலில் கிடந்தவன் தன் வீட்டு நாயின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. கால் போனவனுக்கு அந்தக் காலின் பெருவிரல் அரித்தது. இப்படிப்பட்டவைதான். கேட்டுவிட்டு வீட்டுக்கு நடக்கையில் மனம் சோர்ந்துவிடும். அடுத்த ஞாயிறு மறுபடியும் போய் உட்காருவேன்.

அவர் பர்மா போகவில்லை என்பதை எனக்குச் சொன்னது மருதமுத்துதான். ஒருநாள் மற்றவர்கள் போனபின், தரையில் கிடந்த முடியைக் கூட்டியபடி சொன்னார்.

"பர்மாவுல யுத்தம் நடந்த மூணு வருசமும் தியத்தலாவையில மாசாமாசம் இவரு தலையை நான்தாங்க வெட்டினேன். பர்மாவுல இருந்த தலை எப்புடிங்க எங்கையில வந்து குனியும்?"

"அங்கே அவருக்கு என்ன வேலை?"

"அதை அவரு சொல்லட்டுங்க," என்று முடியை அள்ளிக்கொண்டு பின்புறம் போய்விட்டார்.

அந்த வேலை எதுவாக இருக்கும் என்று எனக்கு ஒருமுறை லேசாகப் பட்டது. ஸ்டோரில் கொழுந்து உருட்டும் இயந்திரத்தில் ஒரு தொழிலாளியின் கை அகப்பட்டுக்கொண்டது. எல்லோரும் கத்தினோம். வாசலில் நின்ற அவர் வந்து, பெல்ட்டை நிறுத்தச் சொல்லி, தன் வேட்டியைக் கிழித்துக் கையைக் கட்டினார். அந்த மனிதர் வலியில் வாந்தியெடுத்தார், காலோடு கழிந்தும்விட்டார். பர்மாக்காரர் வாளியில் வெந்நீர் வாங்கி, ஒரு தாய் குழந்தைக்குச் செய்வதுபோல, துளி முகச்சுளிப்பு இல்லாமல் அவரைத் துடைத்துச் சுத்தப்படுத்தினார். டிஸ்பென்சரியிலிருந்து ஆள் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பிறகு தண்ணீர் கொட்டும் பீலியடியில் வெகுநேரம் கைகளைக் கழுவினார். நான் பக்கத்தில் போனேன்.

"கட்டுப் போட்டதைத் தொரைகிட்ட சொல்லுங்க கிளாக்கரய்யா. பர்மாவுல பழகினதுன்னு சொல்லுங்க," என்றார். பிறகு திரும்பிப் பார்க்காமலே, "மத்ததைச் சொல்ல வேணாம்," என்றார்.

நவம்பர் மாதம் யுத்தத்தில் இறந்தவர்களுக்கு அஞ்சலி நடக்கும் ஞாயிறுதான் எங்களுக்குப் பண்டிகை. மேட்டுத் தேவாலயத்தின் முன்னால் ஒரு நினைவுக்கல். துரைமார்கள் பதக்கங்களோடும் துரைசானிமார்களோடும் கல்லைச் சுற்றி நிற்பார்கள். எங்களை யாரும் அழைத்ததில்லை; போகவேண்டாம் என்றும் சொன்னதில்லை. வேலிக்கு வெளியே, பாதையோரத்தில் நால்வரும் வரிசையாக நிற்போம். சட்டையில் சிவப்புக் காகிதப்பூ. பர்மாக்காரர் முன்கூட்டியே எங்களைச் சுற்றிவந்து பரிசோதிப்பார். "ஏர்போஸ், பொத்தான்! நேவி, வயிறு!" மருதமுத்துவிடம் மட்டும் தலைமுடியைப் பற்றி எதுவும் சொல்லமாட்டார். பாவம், அவர் தலை வழுக்கை.

ஒரு வருடம் பியதாசவுக்கு அன்று வேலை விழுந்துவிட்டது. ஆட்கள் நிறைந்த பஸ்ஸைத் தேவாலயத்தடியில் நிறுத்திவிட்டு, இறங்கிவந்து வரிசையில் நின்றுகொண்டார். பியூகிள் ஊதி முடிந்து மௌனம் தொடங்கியதும் பஸ்ஸிலிருந்து ஒரு பெண்குரல்:

"டிரைவர் மாத்தயா! யாருங்க செத்தது?"

பியதாச அசையாமல், பார்வையைத் திருப்பாமல், பல்லிடுக்கில் சொன்னார்: "சத்தம் வாணாம். நெறைய ஆள் செத்தது."

பஸ் அடங்கிவிட்டது. சில ஆண்கள் தலைப்பாகையைக்கூடக் கழற்றிக்கொண்டார்கள். பர்மாக்காரர் முகத்தில் அன்றைக்கு இருந்த நிறைவை நான் வேறெப்போதும் கண்டதில்லை.

இனி அந்த விசாரணைக்கு வருகிறேன்.

சுதந்திரம் வந்த கையோடு தோட்டத்து மக்களுக்கு நாடில்லாமல் போனது. பிரஜாவுரிமை வேண்டுமென்றால் விண்ணப்பிக்க வேண்டும், பல வருடங்கள் தொடர்ந்து இந்தத் தீவில் வசித்ததை நிரூபிக்க வேண்டும். இடையில் ஒரே தடவையாக ஓராண்டுக்கு மேல் வெளியே போயிருந்தால் தொடர்ச்சி அறுந்ததாகக் கணக்கு. பியதாசவுக்கு அது தேவைப்படவில்லை; மற்ற மூவரும் விண்ணப்பித்தோம். எனக்கும் மருதமுத்துவுக்கும் முன்னதாகவே கிடைத்துவிட்டது. பர்மாக்காரரை விசாரணைக்கு அழைக்க இரண்டு மூன்று வருடங்கள் ஆயின. அவருக்கு மனைவி, இரண்டு பெண்கள். தகப்பன் காலத்திலிருந்து அதே லயம்; அவர் பிறந்ததும் அங்கேதான். ஆகவே சுலபமாக முடியும் என்று நினைத்தோம்.

விசாரணை தோட்டத்துப் பாடசாலையில் நடந்தது. கொழும்பிலிருந்து வந்த அதிகாரி ஆசிரியரின் மேசையில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி போட்ட, அவசரமில்லாத மனிதர். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒருவர். பிள்ளைகளின் வாங்குகளில் விண்ணப்பக்காரர்களும் சாட்சிகளும். முன் வாங்கில் எங்கள் பெரிய கங்காணி தன் முறைக்குக் காத்திருந்தார். பர்மாக்காரரின் மூத்த பெண்ணைத் தம் மகனுக்குக் கேட்டுப் பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம் அது. யுத்தம் பார்த்த மனிதர் வீட்டுச் சம்பந்தம் என்று கங்காணிக்குப் பெருமை. எங்கள் மூவரையும் சாட்சிக்கு அழைத்திருந்தார்கள்.

பிறந்த இடம், தகப்பன் பெயர், பிள்ளைகள் பெயர் எல்லாம் ஒழுங்காக நடந்தன. அதிகாரி அவருடைய படை விடுவிப்புப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தார். சேவை செய்த வருடங்கள் அதில் இருந்தன, இடம் இல்லை. அதிகாரி நிமிர்ந்து, மரியாதையாகவே, ஏதோ கேட்டார்.

"யுத்தத்துல எங்க இருந்தீங்கன்னு கேக்குறாரு," என்றார் மொழிபெயர்ப்பவர்.

இங்கேதான் என்று சொல்லியிருந்தால் அதிகாரி கையெழுத்துப் போட்டிருப்பார். பர்மாக்காரர் விறைப்பாக நின்றார்.

"பர்மாவுலங்க தொரை. போர்முனையில."

கங்காணி தலையை ஆட்டிக்கொண்டார். அதிகாரி பேனாவை நிறுத்தினார்.

"எவ்வளவு காலம்?"

"மூணு வருசங்க."

"நடுவுல லீவுல வந்தீங்களா?"

"லீவா? ஜப்பான்காரன் லீவு குடுத்தாத்தானுங்க வரலாம்."

வாங்குகளில் சிரிப்பு எழுந்தது. மருதமுத்துவின் கை என் முழங்கையை இறுகப் பிடித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. மொழிபெயர்ப்பவரிடம் நீளமாகப் பேசினார். மூன்று வருடம் தொடர்ந்து நாட்டுக்கு வெளியே இருந்திருக்கிறார். படைக்குப் போனதற்கு விலக்கு உண்டா என்பது தமக்கே நிச்சயமில்லை. அப்படியே எழுதினால் விண்ணப்பம் நிற்பது கஷ்டம். சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு மறுபடி கேட்பேன், யோசித்துச் சொல்லட்டும். கெட்ட மனிதர் அல்ல அவர். அவகாசம் கொடுத்தார்.

பாடசாலைக்குப் பின்னால் சவுக்கு மரங்களின் அடியில் நின்றோம். மழை தூறியது. பியதாச முதலில் பேசினார்.

"மச்சான், பர்மா வாணாம். தியத்தலாவ சொல்லு. முடிஞ்சது. ஹரியா?"

அவருக்கும் தெரியும் என்பது அப்போதுதான் பர்மாக்காரருக்குத் தெரிந்தது. என் முகத்தைப் பார்த்தார். எனக்கும் தெரியும் என்பதும் தெரிந்துவிட்டது. கோட்டின் கழுத்துப் பொத்தானைத் தொட்டுக்கொண்டார்.

"தியத்தலாவையில என்ன பண்ணினேன்னு கேப்பாரே," என்றார்.

"சொல்லுங்க. என்ன குத்தம்?" என்றார் மருதமுத்து. "பட்டாளத்து ஆஸ்பத்திரியில இருந்தேன், காயம்பட்டு வந்தவனைப் பாத்துக்கிட்டேன்னு சொல்லுங்க."

"என்னத்தைப் பாத்துக்கிட்டேன்? மல்லாந்து கெடக்கிறவனுக்குச் சட்டி வச்சேன். எடுத்தேன். கழுவினேன். மூணு வருசமும் அதான். அந்தாளு கேட்டா அதைத்தானே சொல்லணும். முன் வாங்குல யாரு உக்காந்திருக்காருன்னு பாத்தீங்கல்ல?"

"நான் செத்தவனுக்கெல்லாம் செரைச்சேன். ஒளிச்சேனா?"

"நீ செரைச்சா ஒன் கொலத்தொழிலும்பான். ஒத்துக்கிடுவான். நான் பீச்சட்டி எடுத்தேன்னா எம் பொண்ணை எவன் எடுப்பான்?"

மருதமுத்துவின் முகம் மாறியது. ஆனால் கோபிக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, "எனக்கு ஒத்துக்கிட்டானுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அவருடைய மனைவி சோற்றுப் பொட்டலத்தோடு சற்றுத் தள்ளி, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். எங்கள் பேச்சு அவருக்கும் கேட்டிருக்கும். கிட்டே வந்து பொட்டலத்தை நீட்டினார்.

"சாப்புடுங்க. கலியாணம் இல்லாட்டி இன்னொரு கலியாணம். புள்ளைங்க ரெண்டும் இந்த மண்ணுல கெடக்கணும். போயி உள்ளதைச் சொல்லுங்க."

அவர் சாப்பிடவில்லை. மறுபடி அழைத்தபோது முன்புபோலவே விறைப்பாக நின்றார். குரல் மட்டும் தாழ்ந்திருந்தது.

"நான் பர்மா போகலைங்க தொரை. தியத்தலாவை ஆஸ்பத்திரியில இருந்தேன். மலம், மூத்திரம் எடுத்தேன். காயம் கழுவினேன். தீவை விட்டு ஒரு நாளும் வெளிய போகலை."

கங்காணி குடைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்படியென்றால் காலையில் ஏன் பொய் சொன்னாய்?"

மொழிபெயர்ப்பவர் அதைத் தமிழில் சொல்லி முடிக்கும்வரை பர்மாக்காரர் காத்திருந்தார்.

"பொய் இல்லீங்க. எல்லாம் நடந்ததுதான். பக்கத்துல உக்காந்து நான் கேட்டது. சொன்னவங்கள்ல பாதிப் பேரு அங்கேயே செத்துட்டாங்க. ஆளு மட்டுந்தான் மாறிப்போச்சுங்க."

மருதமுத்துவைக் கூப்பிட்டார்கள். மாதாமாதம் தலை வெட்டியதைச் சொன்னார். அதற்கு அத்தாட்சி உண்டா என்று அதிகாரி கேட்டார்.

"தலைதாங்க அத்தாட்சி. ஆனா முடி வளந்துடுச்சுங்க."

யாரும் சிரிக்கவில்லை. என்னையும் பியதாசவையும் கேட்டார். அந்த வருடங்களில் நாங்கள் வேறு ஊர்களில் இருந்தோம். மருதமுத்து சொல்லிக் கேட்டதைத் தவிர எங்களுக்கு நேராக எதுவும் தெரியாது. அதையே சொன்னோம். அதிகாரி வெகுநேரம் எழுதினார். கடைசியில், காலையில் சொன்னதையும் பிற்பகல் சொன்னதையும் இரண்டையும் எழுதியிருக்கிறேன், எழுதாமல் விட எனக்கு அதிகாரமில்லை என்றார்.

சில மாதங்களில் முடிவு வந்தது. ஒரே நாளில் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வாக்குமூலம் கொடுத்தவரின் பேச்சை நம்ப இயலாது; விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. மேல்முறையீட்டுக்கும் அதே பதில்தான். கங்காணி வீட்டுப் பேச்சு, யாரும் வேண்டாம் என்று சொல்லாமலே, நின்றுபோனது.

அதன்பிறகும் அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் சலூனுக்கு வந்தார். வாங்கில் தம் இடத்தில் உட்கார்ந்தார். வரிசைப்படி முடி வெட்டிக்கொண்டார். கதை சொல்வது மட்டும் இல்லை. ஒருநாள் பியதாச பொறுக்கமாட்டாமல், "மச்சான், அந்தக் கழுதை ஆத்துல விழுந்தது, மறுபடி எந்திரிச்சதா?" என்று கேட்டார். "யாரோ சொன்னதுதானே, விடுங்க ஏர்போஸ்" என்றார். பிறகு யாரும் கேட்கவில்லை. மருதமுத்துவின் கத்தரிக்கோல் சத்தத்தையும் ஆற்றையும் கேட்டபடி நாங்கள் உட்கார்ந்திருப்போம். லயத்துப் பையன்கள் அவரைப் பர்மாக்காரர் என்று தொடர்ந்து கூப்பிட்டார்கள். கூடவே வேறொரு சொல்லையும் சேர்த்தார்கள். அதையும் நான் எழுதவில்லை.

வருடங்கள் போயின. மூத்த பெண்ணை உடப்புசல்லாவைப் பக்கம் கட்டிக்கொடுத்தார். அவள் கணவனுக்குப் பிரஜாவுரிமை இருந்தது. தனுஷ்கோடித் துறை இன்னும் கடலில் போகாதிருந்த காலம் அது. வயதைக் காட்டி அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். லயத்து அறையைக் காலிசெய்ய வேண்டும். எந்த நாட்டுக்கும் உரியவராக இல்லாத மனிதர் எங்கே போய் அறை எடுப்பார்? இந்தியக் கடவுச்சீட்டுக்கு எழுதினார். அது வந்தது. தகப்பனின் ஊர் திருச்சிப் பக்கம் என்பது தவிர அந்த நாட்டைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது.

ஹட்டன் ரயில் நிலையத்துக்கு மூவரும் போனோம். பியதாச தம் பஸ்ஸிலேயே மூட்டைகளை ஏற்றிக்கொண்டுவந்தார். பனி மூடியிருந்தது, மேடையின் மறுகோடி தெரியவில்லை. உடப்புசல்லாவையிலிருந்து வந்த மூத்த பெண், தாயின் தோளில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். இளையவள் மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். பர்மாக்காரர் என் கையைப் பிடித்து ஒரு தூணின் பக்கம் அழைத்துப்போனார். மருதமுத்துவும் பியதாசவும் பின்னால் வந்தார்கள்.

"நேவி," என்றார். அன்று வார நாள். "தலைமன்னாருல கப்பல் ஏறணுமாம். கப்பல் ஆடுமா?"

"கொஞ்சம் ஆடும்."

"வாந்தி வருமாமே. சின்னவ பயப்படுறா." பிறகு குரலை இன்னும் தாழ்த்தினார். "நான் இன்னும் கடலைப் பாத்ததே இல்ல."

திருகோணமலையில் இருந்த காலம் முழுவதும், துறைமுகத்துக்குள் ஓடும் படகைத் தவிர வேறு எதிலும் நான் கால் வைத்ததில்லை. சாமான் வாங்க வரும் மாலுமிகள் கிடங்கின் மேசையில் சாய்ந்துகொண்டு பேசிக் கேட்டதுதான் எனக்குத் தெரிந்த கடல்.

"கண்ணை மூடாதீங்க," என்றேன். "மூடினாத்தான் தலை சுத்தும். மேல்தட்டுல போய், காத்துக்கு மொகத்தைக் காட்டி நில்லுங்க. வெறும் வயித்தோட ஏறாதீங்க. மொத தடவை எனக்கும் அப்படித்தான் பயமா இருந்தது. அன்னைக்குக் காத்து வேற. அலை தளத்து மேலேயே வந்து அடிச்சது. பக்கத்துல நின்ன ஒரு பழைய ஆளு, 'தண்ணியைப் பாக்காதே, தண்ணி முடியுற கோட்டைப் பாரு'ன்னு சொன்னான்."

"எத்தனை தடவை போயிருக்கீங்க?"

"கணக்கு வச்சுக்கலை," என்றேன்.

அவர் என் முகத்தைச் சிறிது நேரம் பார்த்தார். பியதாச சப்பாத்து நாடாவைக் கட்டக் குனிந்தார். மருதமுத்து பனிக்குள் சிக்னலைத் தேடிக்கொண்டிருந்தார்.

"அப்புறம்?" என்றார் பர்மாக்காரர். "சொல்லுங்க நேவி. ரயிலு வர இன்னும் நேரமிருக்கு."

ரயில் வரும்வரை சொன்னேன்.